மழை வந்தால் கேட்கும் குரல்

அந்த அக்காவின் கிளினிக் கொப்பி ஒரு சொப்பிங் பைக்குள் இருக்கும், அந்தப் பை இன்னொரு பைக்குள் இருக்கும், இரண்டும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகியிருப்பார். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டும். மழைக்காலத்தில் சேலை நனைந்திருக்கும், கொப்பி நனைந்திருக்காது.

அந்தக் கொப்பியில் பதினான்கு வருட எழுத்து இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். மனச்சிதைவு நோய், மாதம் ஒரு ஊசி, இரவுக்கு மாத்திரை. முதல் ஐந்து வருடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வருடத்தில் ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, ஒரே மாதிரி வரி வரும்: இரவில் வெளியே போய் நிற்கிறார், தூக்கமில்லை, குரல்கள் கூடியிருக்கின்றன. பக்கத்திலேயே மருந்து கூட்டியிருக்கும். மருந்து கூடினால் கை விறைக்கும், விரல் நடுங்கும். விரல் நடுங்கினால் கொழுந்து எடுக்க முடியாது. கிலோ குறையும், அரைப்பேர் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். அந்த மாதச் சம்பளத்தில் அது தெரியும்.

அந்த வரிகள் எழுதப்பட்ட திகதிகளை நான் நான்கு வருடம் கழித்துத்தான் கவனித்தேன். பெரும்பாலும் ஜூன். தப்பினால் ஜூலை. எங்கள் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டுகிற மாதங்கள்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு மனநலக் கிளினிக்கில் உளசமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். எங்கள் டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் கொஞ்சம் புரியும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் மட்டும்தான். நடுவில் நான் இருக்கிறேன். இந்த அக்காவின் கதையை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் மனவடுவை, அதாவது நடந்த கொடுமை மனதில் விட்டுப்போன காயத்தை, எப்படிக் கேட்டு அளப்பது என்று நாங்கள் தட்டுத்தடுமாறிப் படித்தது, இதே வேலையில் இருக்கிறவர்களுக்கும், வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், அதாவது பி.டி.எஸ்.டி., என்றாலே நமக்கு வடக்கு கிழக்கு யுத்தம் ஞாபகம் வரும். மலையகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு பயிற்சி வகுப்பில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தமிழருக்கு எதிரான 77 கலவரமும் 83 கலவரமும் இங்கேயும்தான் நடந்தன. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியது. அது செய்தியில் வந்த சரிவு. செய்தியில் வராத சின்னச் சரிவுகள் எத்தனையோ. மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிப் பக்கத்தில் நின்றவர் செத்துப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கசிப்பு குடித்துவிட்டு வருகிற புருஷனிடம் வருஷக்கணக்கில் அடிவாங்கினவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் நடந்ததை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் அதிகம்.

ஏற்கனவே ஒரு மனநோய்ப் பெயர் கொப்பியில் ஏறிவிட்டால் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. இது இங்கே மட்டும் நடப்பதும் இல்லை. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற 275 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே வாழ்க்கையில் ஏதோ ஒரு கொடுமையைச் சந்தித்திருந்தார்கள். 43 சதவீதத்தினருக்கு மனவடு நோய் இருந்தது. அப்படி இருந்தவர்களில் சிகிச்சைக் கோப்பில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தது 2 சதவீதத்தினருக்கு மட்டும். இந்தக் கணக்கை முதல் தடவை படித்த அன்று, எங்கள் அலுமாரியில் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மனச்சிதைவு, இருதுருவ நோய் என்று எழுதிய கோப்பு ஒன்றில்கூட மனவடு என்ற சொல் இல்லை.

சரி, அளந்து பார்ப்போம் என்று தொடங்கினோம். நாங்கள் எடுத்தது பி.சி.எல்-5 என்ற வினாப்பட்டியல். 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு தொந்தரவு என்று 0 முதல் 4 வரை புள்ளி. மொத்தம் 80. 31 முதல் 33 வரை எட்டினால் மனவடு நோய் இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கேப்ஸ்-5 என்ற நேர்காணல் இருக்கிறது, பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். காலையில் எண்பது பேர் வரிசையில் நிற்கிற கிளினிக்கில் அதை எல்லாருக்கும் செய்ய வழியில்லை.

அந்த அக்காவிடம் முதல் தடவை நான் கேட்டபோது வந்த புள்ளி 11.

பதினொன்று என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். எழுதி வைத்துவிட்டேன். அன்றைக்கு எங்கே உட்கார்ந்து கேட்டேன் என்று சொல்கிறேன். ஊசி போடும் அறைக்கு வெளியே இருக்கிற வாங்கு, அதாவது பெஞ்சு. அக்காவின் ஒரு பக்கம் அவருடைய நாத்தனார். இன்னொரு பக்கம் வேறு தோட்டத்துப் பெரியவர் ஒருவர், கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கையில் படிவம், மேலே மின்விசிறிச் சத்தம், பதினொன்றரைக்கு அவர்களுக்கு பஸ். நான் கேள்வியை வாசிக்க வாசிக்க அக்கா நாத்தனார் முகத்தைப் பார்த்தார். நாத்தனார், "அதெல்லாம் இல்லீங்க மிஸ், நல்லா சாப்புடுறா" என்றார். அக்காவும், "இல்லீங்க மிஸ்" என்றார். இருபது கேள்விக்கும் ஆறு நிமிஷம்.

ஆக, நான் அன்றைக்கு அளந்தது நாத்தனாருக்கு முன்னால் அக்கா எவ்வளவு பேசலாம் என்பதை.

இடம்தான் முதல் பாடம். எங்கள் ஆஸ்பத்திரியில் தனி அறை கிடையாது. தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிற சின்ன அறையை மத்தியானத்துக்குப் பிறகு தரச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். கூட வருகிறவரிடம், "ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் பார்க்கணும், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்வோம். கூட வருகிறவர் கெட்டவர் என்று நினைத்து இதைச் செய்யவில்லை. லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் தலைமுறையாக வாழ்ந்த சனத்துக்குத் தனியாகப் பேசுவது என்பதே பழக்கமில்லாத காரியம். முதல் பத்து நிமிஷம் சும்மா இருக்க விட வேண்டும். கதவு தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட வேண்டும். அந்த அக்கா தானாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்.

அடுத்தது சொற்கள். இதில்தான் எனக்கு அதிக நாள் போனது.

எங்கள் கையில் இருந்த தமிழ்ப் படிவத்தில் முதல் கேள்வியே, அந்தச் சம்பவம் பற்றிய தேவையற்ற ஞாபகங்கள் திரும்பத் திரும்ப வந்து வேதனைப்படுத்துகின்றனவா என்று இருந்தது. இரண்டாம் தடவை, குளிர்சாதனப் பெட்டி அறையில், அதை அப்படியே வாசித்தேன். அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"அந்தப் புள்ளய நெனைக்கிறது தேவையில்லாததா மிஸ்?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாத ராத்திரி, லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. மீரியபெத்தை மாதிரிப் பெரிய சரிவு இல்லை. கடைசி இரண்டு வீட்டுக் குசினிப் பக்கம் மட்டும் போனது. அதில் அக்காவின் தங்கச்சி மகள், நாலு வயது, அகப்பட்டுக்கொண்டாள். கையால் மண்ணைத் தோண்டியவர்களில் அக்காவும் ஒருவர். இதுதான் நடந்தது. ஏழு வருடமாக அவரை எனக்குத் தெரியும், அந்த நிமிஷம் வரை இது தெரியாது.

அந்தக் குழந்தையின் ஞாபகத்தைத் தேவையற்றது என்று எந்தத் தாயிடம், எந்தப் பெரியம்மாவிடம் சொல்ல முடியும்? ஆங்கிலத்தில் சொல்ல வருவது, நாம் கூப்பிடாமல் வந்து நிற்கிற நினைப்பு. எங்கள் சனம் அதை, "நெனைக்க வேணாம்னு இருந்தாலும் கண்ணுக்குள்ள வந்து நிக்குது" என்று சொல்லும். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் உட்கார்ந்து தேடினோம். "துண்டிக்கப்பட்டதாக உணர்தல்" என்றால் யாருக்கும் புரியவில்லை. "எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் அங்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு தம்பி சொன்னார், அதையே எடுத்துக்கொண்டோம். "அதீத விழிப்பு நிலை" என்பதற்கு "உஷாரா இருக்கீங்களா" என்று கேட்டால் எல்லாரும் பெருமையாக ஆமாம் என்பார்கள், உஷார் நல்ல சொல் அல்லவா. "என்ன வரப்போகுதோன்னு காதைத் தீட்டிக்கிட்டே இருக்கீங்களா" என்று கேட்டால்தான் விஷயம் வரும். திடுக்கிடுவதற்கு "தூக்கிவாரிப் போடுது" எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, யாராவது "அவ பயந்துக்கிட்டா" என்று சொன்னால் அதைச் சும்மா விடக்கூடாது. தோட்டத்தில் அது ஒரு நோயின் பெயர். பூசாரியிடம் போய்த் திருநீறு போட்டுக் கயிறு கட்டிய கதை பின்னால் இருக்கும், எந்த நாளில் எந்த இடத்தில் பயந்தார் என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கேள்வியை ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிக் கேட்டால் அது அளவுகோலாக இருக்காது. படிவத்தில் உள்ளதை முதலில் அப்படியே வாசிக்கிறோம். பிறகு, முன்கூட்டியே எழுதி ஒட்டி வைத்திருக்கிற விளக்கத்தை, எல்லாருக்கும் அதே சொற்களில் சொல்கிறோம். விளக்கம் சொன்ன கேள்விக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுகிறோம். மொழிபெயர்க்கும் நபர் பதிலைச் சுருக்கவே கூடாது. நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் ஒருவர் அழுது சொன்னதை, "தூக்கமில்லையாம் டொக்டர்" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கிறேன்.

0, 1, 2, 3, 4 என்பதும் சுலபமில்லை. "கொஞ்சம், ஓரளவு, கணிசமாக, மிக அதிகமாக" என்று வாசித்தால், கேட்பவருக்கு இருக்கு, இல்லை என்ற இரண்டுதான் காதில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" சொல்கிறவர்கள் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் என்ன கேட்டாலும் ஆமாங்க சொல்லித்தான் நூறு நூற்றைம்பது வருடம் பிழைத்திருக்கிறோம். அதனால் ஒரு அட்டையில் ஐந்து கொழுந்துக் கூடை வரைந்தேன். வெறுங்கூடை, அடியில் கொஞ்சம், பாதி, முக்கால், நிறைந்து வழிவது. "இந்தப் பயம் எத்தனை கூடை?" என்று கேட்டு அட்டையை நீட்டினால் விரல் தானாகப் போகிறது. கூடையை முதுகில் சுமந்தவர்களுக்குப் பாதிக்கும் முக்காலுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் தெரியும். வாசிக்கத் தெரியாத அம்மாக்கள்கூடத் தயங்காமல் காட்டுகிறார்கள். காட்டிவிட்டு, "இல்ல, அதுக்கு இது இல்ல" என்று திருத்தவும் செய்கிறார்கள். அந்தத் திருத்தம் வரும்போதுதான் எனக்கு நம்பிக்கை வரும்.

"கடந்த ஒரு மாதம்" என்பதை, போன சம்பளத்திலிருந்து இன்றைக்கு வரை என்று சொன்னோம். அதற்குப் பிறகு குழப்பமே இல்லை.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். மனச்சிதைவு உள்ளவரிடம் இந்த இருபது கேள்வியைக் கேட்டால், பாதிக் கேள்விக்கு அந்த நோயே பதில் சொல்லிவிடும். எதிலும் நாட்டமில்லை, சந்தோஷம் தெரியவில்லை, கவனம் நிற்கவில்லை, தூக்கமில்லை, ஆட்களோடு ஒட்டவில்லை. இதெல்லாம் மனச்சிதைவிலும் வரும், மருந்தாலும் வரும். யாரோ பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வேறு, சரிவு வரும் என்று காதைத் தீட்டுவது வேறு, படிவத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். அதனால் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. முதல் ஏழு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள். ஐந்து கேள்விகள் ஞாபகமும் கனவும் திரும்ப வருவது பற்றியவை, இரண்டு கேள்விகள் அதைத் தவிர்ப்பது பற்றியவை. அவை நடந்த சம்பவத்தோடு கட்டப்பட்டவை. மற்றவற்றுக்கு, "இது எப்ப இருந்து?" என்று கேட்க வேண்டும். சரிவுக்கு முன்னால் இருந்தே நாட்டமில்லையா, அதற்குப் பிறகா?

குரலும் அப்படித்தான். கொப்பியில் "குரல்கள் கூடியிருக்கின்றன" என்று இருந்ததே, அதை நான் பிரித்துக் கேட்டேன்.

"அக்கா, என்ன குரல்?"

"ரெண்டு மிஸ். ஒண்ணு அந்த ஆளு. எப்பவும் உள்ளது. நான் செய்யிறதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பான். இன்னைக்கு பஸ்ஸுலயும் சொன்னான், இவ எங்க போறான்னு."

"மற்றது?"

"அது பொம்பள குரலு. ஓடு, ஓடுன்னு."

"வேறு ஏதாவது சொல்லுமா?"

"ம்ஹும். அது மட்டுந்தான்."

"எப்ப வரும்?"

"மழ வந்தா. தகரத்துல சத்தம் கேட்டா. மண்ணு வாசம் வந்தா."

"யார் குரல்னு தெரியுமா?"

கையில் இருந்த பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பக்கத்து வீட்டு அம்மா. அன்னைக்கி அவங்கதான் கத்துனாங்க."

அந்த ஆள் குரல் புதிது புதிதாகச் சொல்லும், எந்த நேரமும் வரும், நடந்தது எதோடும் ஒட்டாது. பெண் குரல் ஒரே சொல், ஒரே ஆள், மழை வந்தால் மட்டும். முதலாவது ஊசியில் ஓரளவு அடங்குகிறது. இரண்டாவது பதினான்கு வருடக் கொப்பியில் எத்தனை தடவை மருந்து கூட்டியும் அடங்கவில்லை, ஏனென்றால் அது நடந்ததன் எதிரொலி. ராத்திரியில் வெளியே போய் அவர் சும்மா அலையவில்லை, ரோட்டுக்கு வந்து மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எல்லாருக்கும் இவ்வளவு துல்லியமாகப் பிரியாது, ஒன்றுக்குள் ஒன்று கலந்தே இருக்கும், ஆனாலும் கேட்டால் ஏதாவது ஒரு நூல் கிடைக்கும். எப்ப வரும், எதைப் பார்த்தால் வரும், புதிதாகப் பேசுமா பழையதையே பேசுமா, யாருடைய குரல். இந்த நாலு கேள்வியும் படிவத்தில் இல்லை. நான் படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

அன்றைக்கு வந்த புள்ளி 49.

"இவங்க சொல்றத நம்பலாமா?" இந்தக் கேள்வியை எங்கள் ஆட்களே என்னிடம் கேட்டார்கள். மனநோய் உள்ளவர் சொல்கிற கொடுமை கற்பனையாக இருக்கலாமே என்று. கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் கொஞ்ச நாள் விட்டு மறுபடி கேட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. தங்களுக்கு நடந்ததையும் தங்கள் அறிகுறிகளையும் அவர்கள் பெரும்பாலும் மாறாமல் சொல்கிறார்கள் என்றுதான் அவை காட்டின. நாங்களும் அடுத்த கிளினிக் நாளில் முக்கியமான கேள்விகளை மறுபடி கேட்கிறோம். ஒரு தம்பி, சொந்தக்காரர்கள் சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று சொன்னார். அந்தப் பயத்தில் கனவும் வருகிறது. டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூலின் கணக்குப்படி மனவடு நோய்க்கு உண்மையான மரண ஆபத்தோ, கடுமையான காயமோ, பாலியல் வன்முறையோ இருக்க வேண்டும், ஆகவே இது அதில் அடங்காது. அவரோடு வாதாடவில்லை, தனியாக எழுதி வைத்தேன். ஆனால் அதே தம்பியை முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? கையைச் சேலையால் கட்டி, திரீவீலரில் கீழே படுக்கவைத்து, மூன்று பேர் மேலே உட்கார்ந்து. மூச்சு முட்டி, சாகப்போகிறேன் என்று நினைத்தாராம். அது கற்பனை இல்லை. நோய் வந்ததும், நோய்க்கு வைத்தியம் பார்க்கக் கொண்டுவந்ததும்கூட மனவடு ஆகலாம். அதையும் கேட்க வேண்டும், "மொத மொத உங்கள எப்பிடிக் கூட்டிட்டு வந்தாங்க?" என்று.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்லாமல் என்னால் எழுத முடியாது. 77 கலவரத்தில் வீட்டைவிட்டு ஓடினவர். அதற்கு இரண்டு மூன்று வருடத்தில் அவருக்கு மனநிலை பிசகியது. ரோட்டில் லொறி நின்றால் கட்டிலுக்குக் கீழே போவார். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவர் சாகும்வரை, என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அப்போது பதினாறு வயது, கேட்டிருக்கலாம்.

கேட்டால் நோய் கிளம்பிவிடும் என்ற பயம் பல பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. நெதர்லாந்தில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பயத்தைக் குறைத்தது. மனச்சிதைவு போன்ற நோயும் மனவடு நோயும் சேர்ந்து இருந்த 155 பேர். அவர்களில் சிகிச்சைக் குழுக்களில் இருந்தவர்களுக்கு நடந்ததை நேராக எடுத்துப் பேசுகிற சிகிச்சையே எட்டு அமர்வுகள் கொடுத்தார்கள். மனவடு குறைந்தது, மனநோய் மோசமாகவில்லை. எங்கள் வினாப்பட்டியல் அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை. நடந்தது என்ன என்று ஒரு வரி போதும், முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை, "சொல்ல வேணாம்னா சொல்லாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். கடைசிக் கேள்வியோடு எழுப்பி அனுப்பவும் மாட்டோம். தண்ணீர், டீ, பிள்ளைகள் பற்றிக் கொஞ்சம் பேச்சு, பஸ் நேரம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்கிறோம், இருந்தால் டொக்டர் பார்க்காமல் அனுப்புவதில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கொப்பியின் பின் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறோம்.

49 என்ற எண்ணை நான் டொக்டரிடம் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கதையை மட்டும் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம் கிடைக்கிற இடத்தில் கதை நிற்காது, எண் நிற்கும். அவர் கொப்பியை முதலிலிருந்து புரட்டினார். நான் ஜூன்களைக் காட்டினேன். நிமிர்ந்து, "யாரும் எனக்குச் சொல்லலையே" என்று சிங்களத்தில் சொன்னார். கூட்டியிருந்த மருந்தை மெதுவாகக் குறைத்தார், மனவடுவுக்கு உதவுகிற வேறு மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். குரல் இரண்டு என்று கொப்பியில் எழுதினார்.

ஆனால் அளவுகோலால் அளக்க முடியாத ஒன்று இருக்கிறது. அந்த லயம் இன்னும் அதே மேட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுகிற நாட்களில் அந்தப் பிரதேச செயலகப் பிரிவும் பட்டியலில் வரும். காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதற்கு அக்கா நிறைந்த கூடையைக் காட்டினார், நான் 4 போட்டேன். அது நோயா? அவர் வீட்டில் நான் படுத்தால் எனக்கும் 4 தான் வரும். மனவடு என்பது முடிந்துபோன ஆபத்துக்கு உடம்பு இன்னும் பயப்படுவது. முடியாத ஆபத்துக்குப் பயப்படுவதை மாத்திரையால் குறைக்கப் பார்ப்பது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ஆகவே இப்படியான கேள்விகளுக்குப் பக்கத்தில், "இப்போதும் ஆபத்து உண்டு" என்று ஒரு குறிப்பு எழுதுகிறோம். வேறு இடத்தில் வீடு கேட்டுக் கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். வீடு இன்னும் கிடைக்கவில்லை. மழை கடுமையான ராத்திரிகளில் மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், இருக்கிற தங்கச்சி வீட்டில் படுக்க ஏற்பாடு செய்தோம், அதற்கு நாத்தனார்தான் முன்னால் நின்று பேசினார். அன்றைக்கு வாங்கில் உட்கார்ந்து பதில் சொன்ன அதே நாத்தனார்.

அளக்கிற மாதத்தையும் எழுத வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தோம். பெப்ரவரியில் நல்ல வெயில் காலத்தில் கேட்டபோது அக்காவுக்கு 24. ஆஹா, பாதியாகக் குறைந்துவிட்டது என்று நான் துள்ளினேன். ஜூனில் கேட்டபோது 38. போன ஜூனின் 49ஓடு வைத்துப் பார்த்தால்தான் உண்மையான மாற்றம் தெரிகிறது. மழைக்குப் பயந்தவரை வெயிலில் அளந்துவிட்டுக் குணமாகிவிட்டது என்று எழுதக்கூடாது. பதுளைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு மாறும், அவர்களுக்கு வருடக் கடைசி மழைதான் பெரிது. கலவரத்தில் ஓடினவர்களுக்கு ஜூலையும் ஓகஸ்டும், குளவிக்குப் பயந்தவர்களுக்கு அந்த மலையில் வேலை விழுகிற வாரம். படிவத்தின் மேல் மூலையில் திகதிக்குப் பக்கத்தில் நான் இப்போது "மழை" அல்லது "மழை இல்லை" என்று எழுதுகிறேன்.

38 இன்னும் வரம்புக்கு மேலேதான். "ஓடு" குரல் இன்னும் வருகிறது. ஆனால் அது வந்தால் அக்கா இப்போது தரையில் கால் பதித்து, குசினிச் சுவரில் கை வைத்து, "இது அன்னைக்கிக் கத்துனது, இன்னைக்கி இல்ல" என்று வாய்விட்டுச் சொல்கிறார். அப்புறம் கதவைத் திறந்து மேட்டை ஒரு தடவை பார்க்கிறார். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அந்தச் சொப்பிங் பை தொங்குகிறது, உள்ளே கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, தங்கச்சி மகளின் படம்.

இந்த வருட ஜூன் கிளினிக்கில் அட்டையை நீட்டினேன். கனவு பற்றிய கேள்வி. பாதிக் கூடையில் விரலை வைத்தார், எடுத்தார், யோசித்தார்.

"இதுல ஒரு புடி கொறையும் புள்ள," என்றார்.

2 என்று எழுதி, பக்கத்தில் ஒரு பிடி குறைவு என்றும் எழுதினேன்.